ஜோவியனுக்கு மூணு பல்

டாக்டர்: இன்னும் கொஞ்சம் திறங்க அண்ணே... இன்னும்... உங்க தபால் பெட்டிகூட இதைவிட அகலமா வாயைத் திறக்கும்.

தபால்காரர்: ஆ...

டாக்டர்: அவ்வளவுதான். சேர் சாயாது, தலையணையில நீங்களே சாஞ்சுக்குங்க. ஊசி போட்டாச்சு, இனி வலிக்காது. சிஸ்டர், மணி என்ன?

சிஸ்டர்: பத்து ஐம்பது, டாக்டர்.

டாக்டர்: பதினோரு மணிக்கு ஆன்லைன்ல பழங்காசு ஏலம் முடியுது. என் போனை எடுத்துக் கையிலயே வச்சுக்குங்க. எனக்கு ரெண்டு கையும் அண்ணன் வாய்க்குள்ள மாட்டிக்கிச்சு.

தபால்காரர்: ம்ம்?

டாக்டர்: உங்களுக்குத் தெரியாததா அண்ணே. மாசாமாசம் அந்தச் சின்னக் கவரைக் கொண்டு வந்து குடுக்கிறதே நீங்கதானே. பிரிச்சு மொத ஆளா உங்களுக்குத்தானே காட்டுறேன்.

தபால்காரர்: ஆஆ.

டாக்டர்: ரோமாபுரி காசுன்னா எல்லாரும் தங்கம்னு நெனைக்கிறாங்க. அதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். நமக்குக் கடைசிக் காலத்துச் செம்புக் காசுதான் கட்டுப்படியாகும். நகம் அளவுக்கு இருக்கும், மேல ஒரே மண்ணு. பல்லு சுரண்டுற கொக்கி தேஞ்சு போனா தூக்கிப் போடாம, அதை வச்சு உக்காந்து சுரண்டுவேன். சுரண்டச் சுரண்ட உள்ளேர்ந்து ஒரு ராஜா வருவாரு... சிஸ்டர், நல்லவேளை ஞாபகம் வந்துச்சு. ஒதுக்கி வச்ச தேஞ்ச கொக்கியில ரெண்டைக் காணோமே.

சிஸ்டர்: குப்பையில போயிருக்கும், டாக்டர்.

டாக்டர்: ம்... அண்ணே, இன்னைக்கு ஏலத்துல இருக்கிறது ஜோவியன்ங்கிற ராஜாவோட காசு. என் பெட்டியில ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரு குழி. ஜூலியன் இருக்காரு, வாலன்டினியன் இருக்காரு. நடுவுல இவரு குழி மூணு வருஷமா காலி. பெட்டியைத் திறந்தா மத்த நாப்பது காசும் கண்ணுக்கே தெரியறதில்ல, அந்தக் குழிதான் தெரியுது. மனசு கெடந்து அடிச்சுக்குது.

தபால்காரர்: ம்ம்ம்...

டாக்டர்: பாவம், எட்டு மாசம்தான் ஆண்டாரு.

சிஸ்டர்: எட்டு மாசம் முழுசா இல்ல, டாக்டர்.

டாக்டர்: என்ன?

சிஸ்டர்: இல்ல... நீங்கதான் அன்னைக்கு யார்கிட்டயோ போன்ல சொல்லிட்டு இருந்தீங்க.

டாக்டர்: சொல்லியிருப்பேன். அதுல வேடிக்கை என்னன்னா அண்ணே, காசோட பின்பக்கம் அஞ்சு வருஷம் ஆளணும்னு வேண்டுதல் போட்டிருக்கு. அடிச்ச சூடு ஆறதுக்குள்ள ஆளு போயிட்டாரு. சிஸ்டர், இப்போ யாரு முன்னால?

சிஸ்டர்: நீங்கதான்... இல்ல, இருங்க. ஏத்திட்டாங்க.

டாக்டர்: யாரு?

சிஸ்டர்: 'பச்சைக்களிம்பு'ன்னு ஒருத்தர்.

டாக்டர்: வந்துட்டானா. போன மாசமும் இந்தப் படுபாவிதான். நான் எதைக் கேட்டாலும் அவனுக்கும் அதே வேணும். எந்த ஊர்ப் பயலோ, மூஞ்சி கழுவுறவனோ இல்லையோ...

தபால்காரர்: ம்ம்ம்ம்ம்.

டாக்டர்: பாருங்க, உங்களுக்கே கோபம் வருது.

சிஸ்டர்: நாமளும் ஏத்தவா, டாக்டர்?

டாக்டர்: அங்கதானே சிக்கல். வீட்ல ஒரு ஒப்பந்தம் இருக்கு. ஏலம் நடக்கிற நேரத்துல எத்தனை பல் அடைக்கிறேனோ, அந்தக் கூலிக்குள்ளதான் கேக்கணும். அதைத் தாண்டினா பெட்டியைப் பரண்ல ஏத்திடுவேன்னு சொல்லியிருக்கா. இன்னும் ஏத்தணும்னா இன்னொரு பல் அடைச்சாகணும்.

சிஸ்டர்: அடுத்த பேஷன்ட் பன்னெண்டு மணிக்குத்தான் டாக்டர்.

டாக்டர்: ம்... அண்ணே, அந்தப் பக்கம் கொஞ்சம் காட்டுங்க.

தபால்காரர்: ஆ?

டாக்டர்: அடடா. இங்க ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கே. சிஸ்டர், ஏத்துங்க.

சிஸ்டர்: ஏத்தியாச்சு.

டாக்டர்: ...அது என்ன சத்தம்? விர்ருன்னு.

சிஸ்டர்: சேர் மோட்டாரா இருக்கும், டாக்டர்.

டாக்டர்: ஓ. மோட்டாரா... அண்ணே, மேல போர்த்தின துணிக்கு அடியில கை என்ன பண்ணுது? அரிக்குதா?

தபால்காரர்: ம்ம்.

டாக்டர்: சொறிஞ்சுக்குங்க, சொறிஞ்சுக்குங்க.

சிஸ்டர்: டாக்டர், பச்சைக்களிம்பு மறுபடியும் ஏத்திட்டாரு.

டாக்டர்: அப்படியா. அண்ணே, கீழ் வரிசையைக் காட்டுங்க... அடக் கடவுளே. இதை வச்சுக்கிட்டா இத்தனை நாளா சாப்பிட்டீங்க?

தபால்காரர்: அங்ங அஇயே இஅஅ...

டாக்டர்: என்ன சொல்றாரு?

சிஸ்டர்: அங்க வலியே இல்லைங்கிறாரு.

டாக்டர்: வலி காட்டாத சொத்தைதான் ஆளைக் கவுக்கும். ஏத்துங்க, சிஸ்டர்.

சிஸ்டர்: ஏத்தியாச்சு. இப்போ நீங்க முன்னால.

டாக்டர்: மறுபடியும் விர்ருங்குது பாருங்க. இந்த மோட்டாரை ஒரு வழி பண்ணணும். அண்ணே, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அந்தப் பய இன்னொரு தடவை ஏத்தினான்னு வைங்க, அப்புறம் கடைவாய்ப் பல்லைப் புடுங்கிட வேண்டியதுதான். வேற வழியில்ல.

தபால்காரர்: ஆஆஆ!

டாக்டர்: என்ன அண்ணே, நெத்தியில வேர்க்குது?

சிஸ்டர்: இன்னும் ஒரு நிமிஷம்.

டாக்டர்: எச்சில் ரொம்ப ஊறுது. அண்ணே, இந்தாங்க, இந்த உறிஞ்சு குழாயை நீங்களே பிடிச்சுக்குங்க.

தபால்காரர்: ஆ... ஆ...

டாக்டர்: ஒரு கை போதாது. ரெண்டு கையாலயும் பிடிக்கணும். ஆங், அப்படி. விட்டுடாதீங்க.

சிஸ்டர்: அஞ்சு... நாலு... மூணு...

டாக்டர்: ஜோவியா, வந்துடுப்பா.

சிஸ்டர்: முடிஞ்சுது.

டாக்டர்: நமக்குத்தானே?

சிஸ்டர்: நமக்கு இல்ல, டாக்டர். கடைசி நொடியில யாரோ ஏத்திட்டாங்க.

டாக்டர்: என்னது? பஞ்சை எடுக்கிறேன் அண்ணே, துப்புங்க. அந்தப் பச்சைக்களிம்பு உருப்படுவானா? கடைசி நொடியில வந்து ஏத்துறானே, அவனெல்லாம் ஒரு மனுஷனா?

தபால்காரர்: நான் எப்போ டாக்டர் ஏத்தினேன்? ரெண்டு கையிலயும்தான் குழாய் இருந்துச்சே.

டாக்டர்: துணியைத் தூக்குங்க அண்ணே. அந்தப் போனை மேல வைங்க.

தபால்காரர்: மன்னிச்சுக்குங்க டாக்டர். மாசாமாசம் பிரிச்சுக் காட்டினது நீங்கதானே. பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை தொத்திக்கிச்சு. என் பெட்டியிலயும் அந்த ஒரு குழிதான் காலி.

டாக்டர்: பத்தே முக்காலுக்குத்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு நேரம் வாங்கினது இதுக்குத்தானா?

தபால்காரர்: உங்க ரெண்டு கையும் வேலையா இருக்கட்டும்னுதான். பல் வலியே இல்ல. சும்மா சொன்னேன்.

டாக்டர்: சும்மா சொன்னாலும் மொதப் பல்லு நெசமாவே சொத்தைதான், அண்ணே.

தபால்காரர்: மத்த ரெண்டு?

டாக்டர்: கல்லு மாதிரி இருக்கு. பஞ்சுதான் வச்சேன்.

தபால்காரர்: அப்போ... நான்தான்னு தெரியுமா?

டாக்டர்: இந்த சேரோட மோட்டாரைப் போன வாரமே கழட்டி ரிப்பேருக்கு அனுப்பியாச்சு. நான் ஏத்துறப்போல்லாம் மோட்டாரே இல்லாத சேரு விர்ருங்குதுன்னா அதுல உக்காந்திருக்கிற ஆளுதானே விர்ருங்கணும்?

தபால்காரர்: அடைக்காத பல்லுக்கு ஏத்தினீங்களே, வீட்ல என்ன சொல்லியிருப்பீங்க?

டாக்டர்: ஜெயிச்சப்புறம் யோசிக்கலாம்னு இருந்தேன். அதை விடுங்க. நமக்கு நடுவுல புகுந்து அள்ளிட்டுப் போனது யாரு? சிஸ்டர், பேரு போட்டிருக்கா?

சிஸ்டர்: 'ஏழேமுக்கால்'னு போட்டிருக்கு, டாக்டர்.

டாக்டர்: ஏழே முக்காலா? இதென்ன பேரு, பஸ் வர்ற நேரம் மாதிரி...

தபால்காரர்: டாக்டர்... ஜோவியன் ஆண்டது எட்டு மாசம் முழுசா இல்லைன்னு இப்போ யாரோ சொன்னாங்களே.

டாக்டர்: ...சிஸ்டர். மோட்டாரைக் கழட்டினப்போ ரசீதுல கையெழுத்துப் போட்டது நீங்கதானே? அப்புறம் எப்படி மோட்டார் சத்தம்னு சொன்னீங்க?

சிஸ்டர்: உங்க போன் ஒரு கையிலதானே இருந்துச்சு டாக்டர், இன்னொரு கையில என் போன். அண்ணே, நீங்க வாய் கொப்பளிங்க. அடுத்த வாரம் என் பேருக்கு ஒரு சின்னக் கவர் வரும், மடிச்சுடாமக் கொண்டாங்க... டாக்டர், அந்தத் தேஞ்ச கொக்கி ரெண்டும் அதைச் சுரண்டி முடிக்கிற வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்.