அன்று யார் முறை

திரைக்கதை எழுதும்போது சுவரில் அட்டைகளை வரிசையாகக் குத்தி வைப்பது என் வழக்கம், டாக்டர். பகுப்பாய்வு உளவியலைப் படித்துப் பிடித்துக்கொண்ட வரிசை அது. முதலில், கதாநாயகி ஊருக்குக் காட்டும் முகமூடி. அடுத்து, அவள் பார்க்க மறுக்கும் தன் இருட்டுப் பக்கம். அதை நிழல் என்பார்கள். அந்த நிழலை நேருக்கு நேர் பார்த்து ‘இதுவும் நான்தான்’ என்று ஏற்றுக்கொண்டால்தான் அவள் முழு மனுஷி.

அவள் நிழலைப் பார்க்கும் காட்சி மட்டும் எனக்குக் கைகூடவில்லை. எட்டு முறை எழுதினேன். இயக்குநர் படித்துவிட்டு, “அவ அழறா, எனக்கு ஒண்ணும் ஆகலியே சார்” என்றார். தலை குனிந்து வீட்டுக்கு வந்தேன்.

என் தங்கை மூன்று வாரமாக உங்கள் வார்டில் இருக்கிறாள். அப்பா போனபோது அவளுக்குப் பதினாறு வயது. அப்பாவுக்கு இதய மாத்திரையை நாங்கள் இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்துக் கொடுப்போம். அவர் இறந்த அன்று மாத்திரை டப்பாவிலேயே கிடந்தது. யார் முறை என்று வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் ஒருநாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: “அன்னிக்கு உன் முறைம்மா. இத்தனை வருஷமா உங்கிட்ட மறைச்சிட்டோம்.”

அவள் கத்தவில்லை. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். “தண்ணி கேட்டாரே அண்ணா. இருங்கப்பான்னு சொல்லிட்டு தலை வாரிக்கிட்டு இருந்தேனே” என்றாள்.

நான் எழுந்துபோய் அதை எழுதி வைத்துக்கொண்டுதான் திரும்பி வந்தேன். இதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது. அன்றிலிருந்து அவள் தொண்டையில் ஒரு கவளம் இறங்கவில்லை, வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. காட்சியைப் படித்த இயக்குநர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. ஆனாலும் முன்பணத்தை வாங்கிக்கொண்டேன்.

தன் நிழலைப் பார்க்கத் துணிவில்லாதவன் அதை அடுத்தவர் தலையில் கட்டிவிடுவான் என்றும் அதே உளவியல் சொல்கிறது. அன்று என் முறை, டாக்டர். தியேட்டரில் காலைக் காட்சிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டேன். எனக்கு அது அன்றே தெரியும்.

இதைக் கேட்டால் அவள் தேறிவிடுவாள் என்று உங்கள் முகமே சொல்கிறது. சொல்லத்தான் போகிறேன், நானே சொல்கிறேன். கதாநாயகி அந்தக் குற்றத்தை ஏற்றுக்கொண்டு எழுந்து வரும் காட்சி இன்னும் பாக்கி இருக்கிறது. இரண்டு வாரம் பொறுங்கள். என் தங்கை எப்படி எழுகிறாள் என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.