கரிப்பெட்டி அறை

கொட்டாங்குச்சிக் கரியைக் கழுவுவதென்றால் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. திண்டிவனத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. நானே உட்கார்ந்து கழுவினேன்.

அறுபத்தைந்தில் சண்டை வந்ததும், எதிரி விஷப்புகை வீசினால் தப்புவது எப்படி என்று மதராஸில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் அலுவலகத்திலிருந்து போனவன் நான் ஒருவன்தான். திரும்பி வந்து, பழைய ரிக்கார்டு அறையின் ஜன்னல் இடுக்குகளைக் காகிதமும் பசையும் ஒட்டி அடைத்தேன். வெளிக்காற்று பஞ்சையும் கரியையும் தாண்டித்தான் உள்ளே வரும்படி ஒரு பெட்டி செய்து, கையால் சுற்றும் காற்றாடி வைத்தேன்.

ஹெட்கிளார்க் கோதண்டபாணி அதை எட்டிப் பார்த்தார். "விழுப்புரம் ஜங்ஷனையே எவனும் சீண்டலை. நம்ம ஆபீஸைத் தேடிக்கினு வந்து புகை போடப்போறானா? தேவநாதா, ஒன் பொட்டி கொசு வராம தூங்கறதுக்கு ஆவும்."

எல்லோரும் சிரித்தார்கள். பட்டம் வாங்கியவர்கள். மூடிய டம்ளருக்குள் விளக்கு ஏன் அணைகிறது என்று கேட்டால் முழிப்பவர்கள்.

ஒத்திகைக்குப் பதினோரு பேர் உள்ளே வந்தார்கள், அதுவும் மேலதிகாரியின் உத்தரவுக்குப் பயந்து. கோதண்டபாணி தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு டீ குடித்தார். கதவுக்கு வெளியே தொங்கிய கோணியை நனைத்துக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். பெருக்குகிற சவுரியம்மாளை நிறுத்தினேன். நானும் உள்ளே வரட்டுமா என்று கேட்டாள். ஒத்திகைதானே என்றேன்.

வெறும் காற்றை வடிகட்டிக் காட்டினால் இவர்கள் நம்புவார்களா? தண்ணீர்த் தொட்டிக்கென்று வந்த குளோரின் சிலிண்டர் ஒன்றைத் தாழ்வாரத்துக் கோடியில் வைத்திருந்தேன். அதைத் திருகிவிட்டு, சவுரியம்மாளைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

கோதண்டபாணி ஓடியிருக்கலாம். என்ன நாற்றம் என்று கிட்டப்போய்ப் பார்த்தாராம். அவருடைய படிப்பு அவ்வளவுதான்.

சவுரியம்மாள் கதவைத் தட்டினாள். "ஐயா, மூச்சு வுட முடியலைங்க. தொறங்க."

குமாஸ்தா பாண்டுரங்கன் தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். பாதியில் கதவைத் திறந்தால் அது சோதனையே இல்லை. கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. நான் காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

செத்த இருவரைப் பற்றியே கேட்கிறீர்கள். சிலிண்டரைத் திறந்தவன் நான். கதவைத் திறக்காதவனும் நான். உள்ளே ஒருவருக்குக்கூட இருமல் வரவில்லை. அன்றைக்குப் பதினோரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். அதை மட்டும் ஏனோ நீங்கள் இன்னும் எழுதிக்கொள்ளவில்லை.