மஞ்சள் தேய்த்து வந்த நோயாளி

ஜெமிமா: அப்போ, இந்தக் கோழி நோய் வந்துதான் செத்துச்சு?

ஜெய்சன்: ஆமா டாக்டர். காலையில பண்ணைக்குள்ள போயிப் பார்க்கேன்... சுருண்டு கெடக்கு.

ஜெமிமா: இறகு?

ஜெய்சன்: அதுவும் நோயிலதான் உதுந்திருக்கணும்.

செல்லக்கிளி: மஞ்சளும் நோய்தான் தேச்சு விட்டுச்சாக்கும்!

ஜெமிமா: செல்லக்கிளியக்கா, நீங்க மைக்ரோஸ்கோப்புக் கண்ணாடியக் கழுவுங்க. நான் கேக்கேன். ஜெய்சன், கழுத்துல இம்புட்டு ஆழமா வெட்டு இருக்கே?

ஜெய்சன்: ரொம்ப... கடுமையான நோய் டாக்டர்.

ஜெமிமா: நெருப்புல வேற வாட்டிருக்கு.

ஜெய்சன்: காய்ச்சல்னா அப்படி ஒரு காய்ச்சல்.

ஜெமிமா: வெள்ளைக்கழிச்சலா, வேற தொத்துநோயான்னு குடலைப் பார்த்துத்தான் நான் சொல்ல முடியும். குடல் எங்க?

ஜெய்சன்: அதைப் பாய் அங்கனயே எடுத்துப் போட்டுட்டா...

ஜெமிமா: எந்தப் பாய்?

செல்லக்கிளி: மேலப்பாளையத்துப் பாய் கறிக்கடையில வாங்கிருக்கு டாக்டரம்மா. ஈரலைத் தனியாக் கட்டிக் குடுத்திருக்காவ பாருங்க! நோயாளியப் பெரிய துண்டாப் போடவா, சின்னத் துண்டாப் போடவான்னு கேக்கலையா தம்பி?

ஜெமிமா: உக்காருங்க ஜெய்சன். கோழிக்கு வார தொத்துநோயத்தான் இந்த ஆய்வகத்துல நான் ஆராய்ச்சி பண்ணுதேன். உங்க பண்ணையிலருந்து எத்தனையோ செத்த கோழி வாங்கி அறுத்துப் பார்த்தாச்சு. குழம்புக் கோழி வாரது இதான் மொதத் தடவை.

ஜெய்சன்: நான் என்ன செய்ய? நீங்க கடைசியாக் குடுத்த மருந்துல ஒண்ணுகூட சாவ மாட்டேங்கு. எல்லாம் கொழுத்துப் போயிச் சுத்துது.

ஜெமிமா: நல்லதுதான?

ஜெய்சன்: மத்த நாளைக்கு நல்லது. இன்னைக்கு எனக்கு அவசரமா ஒரு நோய் வேணும்.

ஜெமிமா: எதுக்கு?

ஜெய்சன்: முக்கூடல் பண்ணையில தொத்துநோய், அங்க உள்ளவுக ஒருத்தரும் வெளிய போவக் கூடாதுன்னு... எங்க அப்பாகிட்ட போன்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதும் டாக்டர்.

ஜெமிமா: சொன்னா என்ன ஆவும் தெரியுமா? சுத்துவட்டாரத்துக் கோழியெல்லாம் பிடிச்சு, குழி தோண்டிப் புதைக்கணும். மொதக் குழி உங்க பண்ணையிலதான்.

செல்லக்கிளி: எங்க அத்தை வீடும் முக்கூடல்தான் தம்பி. அவுக சேவல் மேல மட்டும் எவனாவது கைய வச்சான்...

ஜெய்சன்: சின்னதா ஒரு நோய் இல்லையா டாக்டர்? கோழிக்கு ஒண்ணும் ஆவாம, மனுசன் மட்டும் வீட்டுலயே கெடக்குத மாதிரி?

ஜெமிமா: இருக்கு. அதுக்குப் பேரு பயம். எதுக்குப் பயப்படுதிய?

ஜெய்சன்: சாயங்காலம் பாளையங்கோட்டைக்குப் பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போறாவ. எங்க சர்ச்சு பாஸ்டர் ஐயரோட வீட்டம்மா, அந்த ஐயரம்மா கொண்டுவந்த சம்பந்தம். ஜெபம் பண்ண ஐயரே கூட வாராராம்.

ஜெமிமா: ...பொண்ணு பார்க்க நல்லா இல்லையோ?

ஜெய்சன்: போட்டோவையே பார்க்கல.

செல்லக்கிளி: பேரு?

ஜெய்சன்: கேக்கல. கேட்டா ஆசைன்னு நினைச்சு, அம்மா பட்டுச்சேலை எடுக்கக் கெளம்பிருவாவ. அவுக அந்தப் பேச்சை எடுத்தாலே நான் கோழிக்குத் தீவனம் போட எந்திச்சுப் போயிருவேன்.

செல்லக்கிளி: அதான் அதுக கொழுத்துக் கெடக்கு!

ஜெமிமா: ஒரு தடவை பார்த்திருக்கலாம்லா? பாவம், அந்தப் பொண்ணு சேலையெல்லாம் எடுத்து வச்சுக் காத்துக்கிட்டு இருக்கும்.

ஜெய்சன்: அதான் டாக்டர். நேர்ல போயி வேண்டாம்னு சொல்லி ஒரு பிள்ளைய நோவடிக்க மனசில்ல. பழியக் கோழி மேல போட்டுரலாம்னு...

ஜெமிமா: பார்க்காமலே எப்படிப் பிடிக்காமப் போவும்?

ஜெய்சன்: மனசுல வேற ஆள் இருக்கு.

ஜெமிமா: ...ஓ.

செல்லக்கிளி: ஆத்தாடி! ஆரு தம்பி?

ஜெய்சன்: சொல்ல மாட்டேன்.

ஜெமிமா: சொல்லுங்க. எனக்கும்... தெரியணும்லா. ஆராய்ச்சிக்குத்தான் கேக்கேன்.

ஜெய்சன்: ...இந்த மேசைக்கு அந்தப் பக்கம் நிக்காவ.

செல்லக்கிளி: நானா? எனக்குப் பேரப்பிள்ளை இருக்குலே!

ஜெய்சன்: ஐயோ அக்கா! கையில கத்தி வச்சிருக்கவுக.

செல்லக்கிளி: டாக்டரம்மா, பைய அந்தக் கத்தியக் கீழ வைங்க. தம்பியப் பார்த்து நீட்டிக்கிட்டு நிக்கிய.

ஜெய்சன்: கோவமா டாக்டர்? பிடிக்கலைன்னா சொல்லிருங்க. இனிமே இந்தப் பக்கமே வரல. ஆனா பாளையங்கோட்டைக்கு மட்டும் என்னால...

ஜெமிமா: பாளையங்கோட்டைக்குக் கண்டிப்பாப் போவணும்.

ஜெய்சன்: அப்போ என்னைய வேண்டாம்னு சொல்லுதிய...

ஜெமிமா: நல்ல சட்டையாப் போட்டுட்டுப் போங்க. ரொம்ப முன்னாடியே வந்திராதிய. இந்த மருந்து நாத்தம் போவ நான் குளிக்கணும்.

ஜெய்சன்: வந்திராதியன்னா... எங்க?

ஜெமிமா: வாரா வாரம் செத்த கோழியத் தூக்கிட்டு வந்து நின்னு முழிச்சியளே தவிர, ஒரு வார்த்தை சொன்னியளா? பார்த்துப் பார்த்து அலுத்துப் போயி, நான்தான் ஐயரம்மாகிட்ட என் போட்டோவக் குடுத்து உங்க வீட்டுக்கு அனுப்பினேன்!