ஆற்றில் விடாத குடம்

இரவு ஏழரை மணி. கிள்ளான் ரோடு. இரண்டு பக்கமும் ரப்பர் மரம்... எதிரே ஒரு வெளிச்சம் கிடையாது. நடுவில் ஒரே ஒரு வாடகைக் கார்.

விளக்கைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கேளுங்கள். நம் வாசு இருக்கிறானே, அவனுடைய சின்னம்மா சீதாலெட்சுமிக்கு நடந்தது இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம்.

பின் இருக்கையில் அவள். கழுத்தில் அன்று காலை ஏறிய தாலி. கயிற்றில் மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை. பக்கத்தில் மாப்பிள்ளை தம்புசாமி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர், என்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் பயர்மேன். அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முன் இருக்கையில் அவருடைய அக்கா தங்கமணி. நாள் தவறாமல் ரயிலில் போகிற மனிதர், தன் கல்யாணத்தன்று கடைசி ரயிலைக் கோட்டை விட்டுவிட்டார். பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டதால் வந்த வினை.

சீதாலெட்சுமிக்கு இருபத்தாறு வயது. அம்மா இல்லை, அப்பா இல்லை. காரில் ஏறும்போது அண்ணன் பெண்டாட்டி காதோடு சொல்லி அனுப்பியிருந்தாள். "நல்லா பொழைச்சுக்கோ. திரும்பி வந்தா இங்க உனக்குப் பாய் விரிக்க இடமில்ல."

தம்புசாமி மெல்ல அவள் பக்கம் நகர்ந்தார். ஒரு சாண்... அரைச் சாண்... அதற்குமேல் வர முடியவில்லை. தோள் எதிலோ இடித்து நின்றது.

"என்னங்க?"

"சீட்டு மேடா இருக்கு போல."

அவள் தடவிப் பார்த்தாள். மேடு எதுவும் இல்லை. ஆனால் அந்த இடம் மட்டும் சூடாக இருந்தது... யாரோ உட்கார்ந்திருப்பதுபோல. அவள் தலையில் மல்லிகை. காருக்குள் செண்பக வாசனை.

"அண்ணி, நீங்க செண்பகம் வச்சிருக்கீங்களா?"

"தாலி அறுத்தவளுக்கு ஏதும்மா பூவு?" என்றாள் தங்கமணி. அப்புறம் குவார்ட்டர்ஸ் வரும்வரை முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

வீட்டு வாசலில் டிரைவர் நாகையா இறங்கிப் பின் கதவைத் திறந்து பிடித்தான். தம்புசாமி இறங்கினார். சீதாலெட்சுமி இறங்கினாள். நாகையா கதவைச் சாத்தவில்லை. பிடித்தபடியே நின்றான்.

"என்னப்பா, சாத்து."

"இன்னும் அவங்க இறங்கலையேண்ணே..."

"யாரு?"

நாகையா உள்ளே குனிந்து பார்த்தான். "ஒண்ணுமில்ல லா," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனவன்தான். அதற்குப்பின் அந்தத் தெருப்பக்கம் அவன் சவாரிக்கு வந்ததே இல்லை.

யார் இறங்கவில்லை என்று தங்கமணிக்குத் தெரியும். தம்புசாமியின் முதல் மனைவி இராஜம்மா, மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சலில் போனவள். செண்பகம் தவிர வேறு பூ வைக்கமாட்டாள். தம்புசாமி குடும்பம் வட ஆற்காட்டுப் பக்கம். மஞ்சள் குங்குமத்தோடு போன மனைவியைக் கேட்காமல் அவர்களிடம் அடுத்த கல்யாணம் கிடையாது. அப்படிப் போனவளைப் பூவாடைக்காரி என்பார்கள். ஆற்றில் குடம் மொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுப்புடவை சாத்தி, சோறு படைத்து உத்தரவு கேட்பார்கள். கல்யாணம் முடிந்த கையோடு அந்தத் தண்ணீரை ஆற்றிலேயே விட்டு அனுப்பிவிட வேண்டும்.

கேட்டார்கள். குடத்தின் மேல் வைத்த செண்பகப்பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. பூ இரண்டு பக்கமும் விழவில்லை. நேராகத் துள்ளி தம்புசாமியின் மடியில் விழுந்தது.

"வலதுதான், வலதுதான்," என்று தங்கமணி சமாளித்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் விடிவதற்குள் தம்புசாமிக்கு டூட்டி. தங்கமணிக்கோ பந்திங் ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டது, பேரனுக்கு அம்மை என்று. "குடம் அடுப்படி மூலையில இருக்கு தம்பி. நான் வந்து ஆத்துல விடுறேன். அதுவரைக்கும் தொட வேணாம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு." தம்பியிடம் சொன்னாள். தம்பி தலையாட்டினார். சொல்ல மறந்துவிட்டார்.

சீதாலெட்சுமி திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவளுக்குப் பூவாடையும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அடுப்படியில் ஒரு குடம் நிறையத் தண்ணீர், அதன் மேல் ஒரு செண்பகப்பூ. பக்கத்தில் மடித்து வைத்த புடவை. யாரோ நல்ல மனசோடு மொண்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். பூவை எடுத்துச் சன்னல் ஓரம் வைத்தாள். தண்ணீரைக் குடிநீர்ச் சாடியில் ஊற்றினாள். குடத்தைப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்தாள். அந்தத் தண்ணீரில் சோறு வடித்தாள். ரசம் வைத்தாள்.

மாலையில் தம்புசாமி வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். கை அப்படியே நின்றது.

"யாரு வச்சது?"

"நான்தான். ஏங்க?"

அவர் கண் நிறைந்துவிட்டது. "இராஜம்மா கை..."

புதுப்பெண்ணுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். மிளகாயைக் கண்ணில் தேய்த்ததுபோல இருந்தது. தான் வைத்த ரசத்தின்மேல் தனக்கே பொறாமை!

அன்று இரவு அவர் அவளுடைய கையைப் பிடித்தார். பிடித்த கணம்... அடுப்படியிலிருந்து சத்தம். கரண்டியைப் பானை விளிம்பில் தட்டுகிற சத்தம்.

டங்... டங்... டங்.

"இதோ வந்துட்டேன்!" தம்புசாமி எழுந்தார். போனார். கை கழுவினார். இருட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது.

"என்னங்க இது?"

"பழக்கம்," என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "அவ என்னைப் பேர் சொல்லவும் மாட்டா, ஏங்கன்னும் சொல்லமாட்டா. சாப்பிட இப்படித்தான் கூப்பிடுவா."

மறுநாள் ராத்திரியும் அதே. அதற்கு மறுநாளும் அதே. இருபது நாள்... கை பிடித்தால் கரண்டி தட்டும். சீதாலெட்சுமியும் விடவில்லை. ரசத்தில் ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டாள். அவர் விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டார். புளியே போடாமல் வைத்தாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றார். தூக்கத்தில் ஒருநாள் "ராஜி" என்றார். அன்றைக்கு அவள் அடுப்படிக்கே போய் நின்று, இருட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, அவரைச் சாப்பிடக் கூப்பிடுறீங்க, சரி. வாழ நான் கூப்பிடக்கூடாதா?"

மேல் பலகையிலிருந்து ஒரு மூடி உருண்டு விழுந்து, வட்டமடித்து வட்டமடித்து, அவளுடைய காலடியில் படுத்தது.

இருபத்தோராம் நாள் டிரங்குப் பெட்டியில் துணியை அடுக்கினாள். பூட்டினாள். கிள்ளானில் அண்ணன் வீட்டில் பாய் விரிக்க இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது. பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் பந்திங்கிலிருந்து தங்கமணி வந்து இறங்கினாள்.

"குடம் எங்க?"

"துலக்கிக் கவுத்திருக்கேன் அண்ணி."

"தண்ணி?"

"சாடியில... குறையக் குறைய அதுமேலயே ஊத்திக்கிட்டு வரேன்."

தங்கமணி தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்தாள். "அடிப்பாவி! ஆத்துல விட வேண்டியவளைச் சோத்துல போட்டு வடிச்சிட்டியே!"

அன்று மத்தியானமே, சாடியின் அடித் தண்ணீரைத் துளி விடாமல் குடத்தில் வடித்தார்கள். சாடியைத் துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் குடத்தில் பிழிந்தார்கள். "டூட்டிக்கு அப்படியே போயிடுறேன்," என்று தம்புசாமி உள்ளே போனார். வர நேரமானது. வேலைப் பை தோளில் தொங்க வந்தார்.

கிள்ளான் ஆற்றங்கரையில் நல்ல வெயில். அவர் குடத்தைப் பிடித்தபடி நின்றார்.

"சொல்லு தம்பி. கூப்பிட்ட வாய்தான் அனுப்பணும்."

அவர் குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். சீதாலெட்சுமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில், "நீ போ, இராஜம்மா," என்றார். தண்ணீர் விழுந்தது. புடவை ஒரு வட்டம் சுற்றிவிட்டு ஆற்றோடு போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சீதாலெட்சுமி இருந்த கரண்டிகளையெல்லாம் தங்கமணி தலையில் கட்டிவிட்டாள். ஒன்று மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் அதையும் இடுப்பில் செருகிக்கொள்வாள்.

மறுநாள் இரவு அவள் வைத்த ரசம் வாயில் வைக்க வழியில்லை. தம்புசாமி ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

"பொய் சொல்றீங்க."

"ஆமா."

அவள் சிரித்தாள், அழுதாள். அவர் கையைப் பிடித்தார். அடுப்படி சத்தமே இல்லாமல் கிடந்தது. பெட்டியைத் திறந்து துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டாள்.

ஒரு பெண், ஒரு பையன் பிறந்தார்கள். ரசமும் தேறியது.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்தான் தண்டவாளம். அவருடைய ரயில் கடக்கும்போது கரி அள்ளும் சவலால் இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்கும். மூன்று முறை. எனக்குத்தான் தட்டுகிறார் என்று சீதாலெட்சுமிக்குப் பூரிப்பு. ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"நான் எங்க தட்டுனேன்?" என்றார்.

அன்று அவர் குளிக்கப் போனதும் வேலைப் பையைத் திறந்து பார்த்தாள். அடியில், துணி சுற்றிய ஒரு சின்னப் போத்தல். தண்ணீர். அதில் ஒரு செண்பகப்பூ... அன்று சன்னல் ஓரம் அவள் எடுத்து வைத்த பூ. வாடவே இல்லை.

அதை அவள் உடைத்திருக்கலாம். பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்தாள். போத்தலைத் துடைத்து அதே துணியில் சுற்றி, இருந்த இடத்தில் வைத்தாள்.

"அக்கா, ரயில் உங்களுக்கு. வீடு எனக்கு. பை அவர் வேலைக்குப் போறவரைக்கும்தான். அதுக்கப்புறம் வாசப்படி தாண்டக்கூடாது."

பை அன்றிலிருந்து வாசலுக்கு வெளியே ஆணியில்தான் தொங்கியது. அவர் ஏன் என்று கேட்கவில்லை.

முப்பத்தெட்டாம் வருஷம் அவருக்கு வேலை முடிந்தது. மாலை போட்டு அனுப்பினார்கள். விளக்கு வைக்கிற நேரம். பிள்ளைகள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவள் செருப்புச் சத்தம் கேட்டதும் அப்படியே ஓடிவந்து வாசலை மறித்தாள். தோளைப் பார்த்தாள்.

"பை எங்க?"

"என்ஜின்லயே விட்டுட்டேன் புள்ள. இனிமே எதுக்கு?"

அவளுக்கு மூச்சு வந்தது. "அந்தப் போத்தலும் அதுலதானே இருக்கு?"

அவர் திடுக்கிட்டார். "உனக்குத் தெரியுமா?"

"பல வருஷமாத் தெரியும். சொல்லுங்க."

அவர் தலை குனிந்தார். "அதைத் தூக்கிப் போட மனசு வரல. கடைசி ஓட்டம்... ரொம்பத் தாகமா இருந்துச்சு..." உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "குடிச்சிட்டேன், சீதா."

வாயைத் திறந்தபோது செண்பகம் மணத்தது.

அவள் நகர்வதற்குள் அவர் வாசற்படியைத் தாண்டிவிட்டார். உள்ளே, அடுப்படியில்... டங்... டங்... டங்.

"இதோ வந்துட்டேன்!" என்று அவர் நடந்தார்.

சீதாலெட்சுமி குனிந்து பார்த்தாள். வீட்டிலிருந்த ஒரே கரண்டி, குழம்பு சொட்டச் சொட்ட, அவள் கையில் இருந்தது.