குறுக்கே ஒரு கோடு

நரம்பின் நெளிவு சுளிவும் நலிந்தோர் நெஞ்சின் நிலையும் ஒருங்கே உணர்ந்தவரே, புதன்கிழமை தோறும் எங்கள் கூடத்தைப் புதுக் களையுடன் பொலிய வைத்தவரே, பணி நிறைவு காணும் டாக்டர் வேங்கடலக்ஷ்மி அம்மையீர், வணக்கம்.

தங்கள் புகழைத் தங்களிடமே சொன்னால் தடுத்துவிடுவீர்கள். ஆகவே சபைக்குச் சொல்கிறோம். தாங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

ஒரகடம் சாலையில் உள்ள நம் மருத்துவமனைக்கு டாக்டர் வந்தபோது மறதி நோயாளிகளுக்குத் திங்கள், நடுக்க நோயாளிகளுக்கு வியாழன் என்று ஏற்பாடு இருந்தது. அவர் இரு சாராரையும் புதன்கிழமையில் ஒன்றாக உட்கார வைத்தார். நிர்வாகம் முகம் சுளித்தது. அதைவிட அதிகம் சுளித்தவர் மெர்சி. அவர் கணவர் ரத்தினம் லாரி தொழிற்சாலையில் உழைத்தவர். நடுக்க நோய் வந்த பின், வாசற்படியைக் கண்டால் அவர் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

"என் வூட்டுக்காரருக்குக் காலுதான் பிரச்சனை. பேரு மறக்கறவங்களோட இன்னாத்துக்கு ஒக்கார வைக்கிறீங்க?" என்றார் மெர்சி.

"படப்பையில ஒரு லாரி கவுந்தா ஒரகடத்துல எந்தக் கம்பெனிக்கு லேட்டு?" என்று கேட்டார் டாக்டர்.

"எல்லாத்துக்குந்தான்."

"மூளையும் அப்படித்தான் மெர்சி. நோய்க்கு நோய் தொடங்கற இடம் வேற. ஆனா இணைப்பு வழியாத்தான் பரவுது, இணைப்பைத்தான் அறுக்குது. லைன் போயிடுது."

"ஏ லைனா, பி லைனா?" என்று அக்கறையாக விசாரித்தார் பரசுராமன். மறதி நோய் வந்தும் தாம் வேலை பார்த்த கார் தொழிற்சாலையை மட்டும் மறக்காதவர்.

"ஸ்பேர் மாத்த முடியாதாம்மா?" என்றார் ரத்தினம்.

"முடியாது. சுத்து ரோட்டுல விடலாம்."

அந்தச் சுற்றுவழியில்தான் டாக்டரின் வெற்றி இருந்தது. தானாக நடக்கும் வழி அடைபட்டாலும், எதிரே ஒரு குறுக்குக் கோடு தெரிந்தால் ரத்தினத்தின் கால் எழும். பெயர்கள் போய்விட்டாலும், திரும்பத் திரும்பச் செய்த பழக்கம் பரசுராமனின் கையில் தங்கும். டாக்டர் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார். ரத்தினம் நின்றுவிட்டால் பரசுராமன் தம் கைத்தடியைக் குறுக்கே வைத்து, "தாண்டு மச்சான்" என்பார். பரசுராமன் வழி தவறினால் ரத்தினம் குரல் கொடுப்பார்.

ரத்தினத்தின் மகள் பிரவீனாவின் திருமணம் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மண்ணூர் தேவாலயத்துக்குள் நடக்க வேண்டும். ரத்தினத்துக்கு வேறு ஆசையே இல்லை. சக்கர நாற்காலி போதும் என்றார் மகன் ஜோயல்.

"நான் இன்னா சரக்கா, தள்ளிக்கினு போவ?"

"தரையில டேப்பால கோடு ஒட்டுங்க. நடப்பார்" என்று டாக்டர் வாக்குக் கொடுத்தார்.

ஜோயல் ஒட்டினார். தொழிற்சாலை சூப்பர்வைசர் அல்லவா. அங்கே நடைபாதையின் இரு ஓரமும் மஞ்சள் பட்டை ஓடுமே, அதேபோல் நூல் பிடித்தாற்போல் நீளவாக்கில் ஒட்டிவிட்டார். குறுக்கே ஒன்றுகூட இல்லை.

வாசலில் ரத்தினம் நின்றார். பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியது. கால் எழவில்லை. பின்வரிசையில் யாரோ, "காலையிலேயே போட்டுட்டாரா" என்றார்கள். ஜோயல் நாற்காலியைத் தேடி ஓடினார். டாக்டர் எழுந்து அவரிடம் போக நினைத்தார். அவர் காலும் நகரவில்லை. அந்த ஒரு கணம் தாமும் ரத்தினமாகிவிட்டதாகப் பிறகு எங்களிடம் சொன்னார்.

அதற்குள் ஒரு கைத்தடி முன்னே வந்து ரத்தினத்தின் கால்முன் கிடந்தது.

"இன்னா நின்னுகினு கீற? தாண்டு மச்சான்."

ரத்தினம் தாண்டினார். தடி இன்னும் முன்னே போனது. மீண்டும் தாண்டினார். தடியும் காலுமாக, மகள் கையை விடாமல், பீடம் வரை நடந்து சேர்ந்தார். கோயிலே எழுந்து நின்றது.

பரசுராமன் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஆமா, இது யாரு கல்யாணம்?"

ஒன்றாக உட்கார வைக்காதீர்கள் என்று கேட்ட அதே மெர்சி, அவர் கையைப் பிடித்து முன்வரிசையில் தம் பக்கத்திலேயே உட்கார வைத்தார்.

"நம்ம வூட்டுக் கல்யாணந்தாண்ணே."

டாக்டர் அம்மா, இந்த நோய்களை விரட்டும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் அன்று தோற்றது நோய்தான். தங்கள் புதன்கிழமையைப் பிரிக்க மாட்டோம் என்று நிர்வாகமும் எழுதிக் கொடுத்துவிட்டது. உடல் உறுதியும் உள்ளத் தெளிவும் குன்றாமல் நீடு வாழுங்கள். தாங்கள் இல்லாத முதல் புதன்கிழமை வாசலில் எங்கள் கால்கள் தயங்கும். அப்போது பரசுராமன் தடியை நீட்டுவார். நாங்கள் தாண்டிவிடுவோம்.

என்றும் தங்கள்,
புதன்கிழமைக் கூடத்துப் பணியாளர்கள்,
நரம்பியல் பிரிவு