ஆறு மணிக்குள் அம்மாவை மாற்ற வேண்டும்

— பாஸ்வேர்ட மட்டும் சொல்லுக்கா. அதுக்கு மேல உங்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்.

— காலைல அம்மாவுக்கு ஆண்டு பூசை. ஃபாதர் அம்மா பேர வாசிக்கிறப்ப நீ எங்கடா இருந்த? கோயில் வாசல்ல நின்னு போன நோண்டிக்கிட்டு இருந்த. சொந்தக்காரங்க எல்லாம் இப்பத்தான் சாப்பிட்டுக் கெளம்பியிருக்காங்க. அதுக்குள்ள பாஸ்வேர்டாம்.

— அந்த கேம் கம்பெனிக்குத்தான்கா மெசேஜ் போட்டுக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணியோட பழைய கேம மூடுறாங்க. லிட்டில் லேன் இனிமே கெடையாது, புதுசு வருது. பழைய குடும்பம் வேணும்னா ஆறு மணிக்குள்ள புதுசுக்கு மாத்திக்கணும். இல்லன்னா எல்லாம் அழிஞ்சிரும். அம்மாவும்.

— அம்மா போயி ஒரு வருசம் ஆச்சு, கிளிஃபர்ட்.

— தெரியும்.

— தெரியுதா? சந்தோசம்.

— கேம்ல இருக்குக்கா. பதினோரு வயசுல நான் செஞ்ச அம்மா. நீதான பக்கத்துல உக்காந்து, மூக்கு சரியில்லடா, இன்னும் கொஞ்சம் அகலம் வைன்னு சொன்ன? அம்மாவே வந்து பாத்துட்டு, "என்னை ஏன்டா இவ்வளவு குண்டா போட்டிருக்க"ன்னு கேட்டுச்சே.

— குண்டாத்தான இருந்துச்சு அப்ப.

— எனக்கு அப்ப ஈமெயில் கெடையாது. அதான் கிறிஸ்டல்னு உன் பேர்ல அக்கவுண்ட் போட்டோம். இத்தன வருசம் இந்தக் கம்ப்யூட்டரு பாஸ்வேர்டே கேட்டதில்ல. அம்மாவ அடக்கம் பண்ணிட்டு சிங்கப்பூர் போன பிறகு, அங்கருந்து திறக்கப் பாத்தேன். பழைய பாஸ்வேர்ட் ஏறல. நீதான மாத்தியிருக்க?

— ஆமா.

— என் மேல உள்ள கோவத்த என் மேல காட்டுக்கா. அம்மா மேல ஏன் காட்டுற?

— வாய அளந்து பேசு. நீ அடக்கத்துக்கு வந்த, மூணாம் நாளே பஸ் ஏறிட்ட. எனக்குக் கோவம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா பாஸ்வேர்ட மாத்துனது அதுக்கில்ல.

— பின்ன எதுக்கு?

— சும்மா இரு. மூடுறவன் மூடட்டும். முப்பது வயசாச்சு, இன்னும் பொம்ம வீடு கட்டிக்கிட்டு.

— பத்தொம்போது வருசம்கா. எனக்கு இத விட்டா வேற என்ன தெரியும்? கேளேன், புதுசுல என்னென்ன வருதுன்னு கேளேன். பழைய கேம்ல ஆளுங்களுக்கு ஞாபகமே கெடையாது. சண்ட போட்டாலும் சரி, கட்டிப் புடிச்சு அழுதாலும் சரி, தூங்கி எழுந்தா எல்லாம் போயிரும். புதுசுல எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருப்பாங்களாம். அப்புறம், கையால சாப்புடலாமாம்!

— இது ஒரு பெரிய விசயமா லா?

— பத்து வருசமா எழுதிக்கிட்டு இருக்கேன்கா அவங்களுக்கு. எங்கம்மா ரசஞ்சோத்த முள்ளுக்கரண்டியால குத்திக்கிட்டு இருக்கு, பாக்கவே சகிக்கல, தயவு செஞ்சு கையக் குடுங்கன்னு எழுதினேன்.

— பதில் போட்டாங்களா?

— நன்றின்னு போட்டாங்க.

— அது போதுமே உனக்கு. சட்டம் போட்டு மாட்டியிருப்ப.

— சிரிக்காத. இன்னும் நெறய கேட்டிருக்கேன். பசார் மாலாம், அந்த ராத்திரிச் சந்த வேணும்னு கேட்டேன். மழ வந்தா காயப் போட்ட துணிய எடுக்க ஓடணும். பக்கத்து வீட்டு ஆளு பெல் அடிக்காம உள்ள வந்து கோப்பி கேக்கணும். பழசுல வயசானவங்க நாற்காலில உக்காந்து டிவி பாக்குறதோட சரி. அத மொதல்ல மாத்துங்க, எங்கம்மா ஒரு நிமிசம் உக்காராதுன்னு எழுதினேன்.

— உக்காந்துச்சுடா. கடைசி ரெண்டு வருசம் கால் வீங்கி, உக்காந்த எடத்துலயேதான் இருந்துச்சு. நீ பாக்கல.

— பாக்கலதான்.

— சரி விடு. கோப்பி குடிக்கிறியா?

— வேணாம். மணி அஞ்சு தாண்டிருச்சு. அக்கா, உங்கிட்ட மறைக்காம சொல்றேன். அங்க நான் நாலு பேரோட ஒரு ரூம்ல படுத்திருக்கேன். பன்னெண்டு மணி நேரம் வேல. லீவு கேட்டா மொறைப்பான். ஒரு கிறிஸ்மஸ் வரல, ரெண்டு வரல, மூணும் வரல. எல்லாம் என் தப்பு. புதுசுல கெர்னி பக்கம் மாதிரி கடலப் பாத்த வீடு கட்டி அம்மாவ வைக்கணும்னு ஆச. டெய்லி வேல முடிஞ்சு வந்து அம்மாகிட்ட ஒரு பத்து நிமிசம் பேசணும். நான் பேசுனத அது ஞாபகம் வச்சிருக்கணும். அவ்வளவுதான்கா நான் கேக்குறது.

— கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

— ஆமா. அதேதான். கெட்டுப் போச்சு, ஒத்துக்கிறேன். இப்பவாச்சும் கும்புட விடேன்.

— கிளிஃபர்ட், சொன்னா கேளு. அது அழிஞ்சு போகட்டும்டா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— என் நல்லது எனக்குத் தெரியாதா? உன் கால்ல விழணுமா? விழுறேன், இரு.

— டேய், எழுந்திரு. எழுந்திருடா! அம்மா படத்துக்கு முன்னால என்ன இது! சரி, போடு. அம்மா பேரு. சின்ன எழுத்துல. பின்னால அம்மா போன தேதி.

— தெரேசா... பூஜ்யம் ஆறு... ஏறிருச்சுக்கா! இந்த ஃபேன் எப்படிக் கத்துது பாரு. வா, வா, வருது. பச்சக் கதவு! நம்ம ஜெலுத்தோங் வீட்டுக் கதவு மாதிரியே போட்டேன் தெரியுமா? இங்க வந்து பாரேன்.

— நான் பாத்திருக்கேன். நீ பாரு.

— என்ன இது, சாப்பாட்டு மேசையில இவ்வளவு தட்டு? ஒம்போது, பத்து... பதினாலு தட்டு. எல்லாத்துலயும் ஈ மொய்க்குது. நான் போறப்ப வீட்டத் தொடச்சு வச்சிட்டுத்தான போனேன். யாரு சமச்சது? அம்மா எங்க? ரூம்ல காணோம். குசினிலயும் காணோம்.

— பின்னால தோட்டத்துல பாரு.

— தோட்டத்துல என்ன பண்ணுது... அக்கா. இங்க ஒரு கல்லு நிக்குது.

— ம்.

— தெரேசான்னு பேரு போட்டிருக்குக்கா. கேம்ல ஆளு செத்தாத்தான் இந்தக் கல்லு வரும். யாரு வெளையாடுனா? ஹன்னாவா? உன் மகளுக்கு எட்டு வயசு, அவ கையில போயி இதக் குடுத்தியா?

— ஹன்னா இல்ல. அம்மா.

— அம்மாவா? அதுக்கு மவுசே புடிக்கத் தெரியாதே.

— நான்தான் சொல்லிக் குடுத்தேன். காலைல அஞ்சரைக்கு ஃபேக்டரி பஸ் ஏறுனா, புக்கிட் தெங்கால வேல முடிஞ்சு பாலம் தாண்டி வர ராத்திரியாயிரும். ஹன்னாவுக்கு ஸ்கூலு, டியூசன். அம்மா தனியா செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கும். பாக்க முடியலடா. உன் கம்ப்யூட்டர தொறந்து, இந்தா பாரும்மா, தம்பியோட வீடுன்னு காட்டுனேன். ஒரு மாசத்துல நல்லா கத்துக்கிச்சு. சமைக்கும், மேசையில எடுத்து வைக்கும், உன்ன சாப்பிடக் கூப்புடும்.

— நான் அங்க இல்லியே. சிங்கப்பூர் போறதுக்கு முன்னால கேம்ல இருந்த என் ஆள வெளியூர் வேலைக்கு அனுப்பி வச்சிட்டுத்தான் மூடுனேன்.

— போன் போடும்டா, கேம்லயே. போட்டா, இதோ வந்துக்கிட்டே இருக்கேன்னு எழுத்து வரும்.

— அது கேம் தானா சொல்றது. யாருக்குப் போட்டாலும் அதான் வரும். வெளியூர் போன ஆள நாமளே திரும்பக் கூட்டிட்டு வந்தாத்தான் வருவான்.

— அப்படிக் கூட்டிட்டு வரலாம்னு எனக்கும் தெரியல, அம்மாவுக்கும் தெரியல. அது மெஷின் சொல்ற பதிலும்மான்னு நூறு தடவ சொல்லிப் பாத்தேன். வர்றேன்னு சொல்லியிருக்கான்டி, வழியில ரோடு ஜேமா இருக்கும்னு உக்காந்திருக்கும்.

— பசிச்சா கேம்ல அம்மா தலைக்கு மேல செவப்பா லைட்டு எரியுமேக்கா. ஒரு தட்டத் தொட்டுச் சாப்பிட வச்சிருந்தா போதுமே. சாப்பாடுதான் அத்தன இருக்கே!

— எரிஞ்சுச்சு. நானே பாத்தேன். உனக்குப் பசிக்குது பாரும்மா, சாப்பிடுன்னு சொன்னேன். "புள்ள வராம நான் மட்டும் எப்படிடி சாப்புடுறது"ன்னு என்னையே கேட்டுச்சு. நம்ம வீட்ல என்னிக்குடா அம்மா நமக்கு முன்னால தட்டுல கைய வச்சிருக்கு? சோறு ஆறிப் போனா புதுசா சமைக்கும். திரும்ப உனக்குப் போன் போடும்.

— பதினாலு தடவ.

— ஒரு நாள் வேல முடிஞ்சு வர்றேன். இந்த நாற்காலிலதான் உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கு. நெஞ்சு வலியோன்னு பதறிப் போயிட்டேன். பாத்தா, ஸ்க்ரீன்ல அந்தக் கல்லு. இதெல்லாம் உனக்குத் தெரியவே வேணாம்னுதான் அடக்கம் முடிஞ்ச அன்னிக்கு பாஸ்வேர்ட மாத்துனேன்.

— கல்ல மாத்த முடியாதுக்கா. உசுரோட இருக்குறவங்கள மட்டும்தான் புதுசுக்கு ஏத்துவாங்க.

— தெரியும். நானும் படிச்சேன்.

— அன்னிக்கே எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல? கல்லு வந்த அன்னிக்கே சொல்லியிருந்தா, முந்துன நாள் கேமு அழியறதுக்குள்ள அதத் திரும்பத் தொறந்து அம்மாவ எழுப்பியிருப்பேன். அஞ்சு நிமிச வேலக்கா அது. அஞ்சே நிமிசம்!

— அடிக்கத்தான்டா போன எடுத்தேன். அம்மாதான் என் கையப் புடிச்சுக்கிச்சு. "சொல்லிறாதடி, புள்ள ஆசையா கட்டுன வீட்டக் கெடுத்துட்டேன்னு ஏசுவான், அப்புறம் கிறிஸ்மஸுக்கும் வரமாட்டான்"னுச்சு.