மூன்றாவது கிளாஸ்

குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர, பீர் விஷயத்தில் எனக்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது ஐயா. எல்லாக் கடையிலும் கிடைக்கிற பச்சைப் பாட்டில்தான் குடிப்பேன். அதைத் தயாரிக்கிற தொழிற்சாலையில்தான் எனக்கு வேலையும். ருசி பார்ப்பவன்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். காலை பத்து மணிக்கு என் முன்னால் மூன்று சின்ன கிளாஸ் வைப்பார்கள். இரண்டில் நேற்றைய பீர், ஒன்றில் இன்றையது. எது எதில் என்று சொல்லமாட்டார்கள். இன்றையதை என்னால் தனியாகக் கண்டுபிடிக்க முடிந்தால் அது கெட்டுப்போன பீர்; ரெஜிஸ்டரில் ‘வேறு’ என்று எழுதுவேன். முடியாவிட்டால் ‘அதே’. பத்தொன்பது வருடத்தில் நான்கே முறைதான் ‘வேறு’ எழுதியிருக்கிறேன். நான்கு முறையும் டாங்க் டாங்காகச் சாக்கடையில் கொட்டினார்கள். என் நாக்குக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது.

என் மைத்துனன் கண்ணாடிக் கடைக்காரன். ‘இது தெளிவா இருக்கா, இதுவா?’ என்று லென்ஸை மாற்றி மாற்றிக் காட்டுவதுதான் அவன் பிழைப்பு. திடீரென்று தாடி வளர்த்தான். கூடவே பீரும் காய்ச்ச ஆரம்பித்தான். நாங்கள் கீழ் வீடு, அவன் மாடி. எங்களுக்கும் கீழே இருக்கும் நிலவறையில் ஆள் உயரத்துக்கு நான்கு டிரம் வைத்தான். பாட்டிலுக்குப் பாட்டில் கையால் எழுதிய லேபிள். ஒன்றில் இப்படி எழுதியிருந்தது: ‘முதலில் ஆரஞ்சுத் தோல், நடுவில் ஈர மரம், முடிவில் ஏக்கம்.’ நானும் குடித்துப் பார்த்தேன். ஏக்கம் வரைக்கும் போக முடியவில்லை, ஈர மரத்திலேயே குமட்டிவிட்டது. எங்கள் பீரை அவன் மஞ்சள் தண்ணீர் என்பான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சின்னப் பையன், அள்ளி விடுகிறான் என்று விட்டுவிட்டேன்.

அந்த நிலவறைக்கு விசிறி மாட்டிக் கொடுத்தவனே நான்தான். பீர் புளிக்கும்போது ஒரு வாயு வரும். நிறம் இல்லை, தரையோடு தேங்கும், குனிந்தவன் நிமிரமாட்டான். தொழிற்சாலையில் எங்களுக்கு வருடா வருடம் வகுப்பு எடுப்பார்கள். ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். வாயு ஏறினால் கத்துகிற அலாரத்தையும் நானே வாங்கி வந்தேன். என்னைக் கெட்டவன் என்று எழுதுவதற்கு முன்னால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாமியார் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மைத்துனன் கடையிலிருந்து கறுப்புக் கண்பட்டை கொண்டுவந்து எனக்குக் கட்டிவிட்டான். எதிரே மூன்று கிளாஸ். கடையில் பேசுகிற அதே குரலில், “நிதானமா சொல்லுங்க அத்தான். அவசரமே இல்ல” என்றான்.

நான் நிதானமாகத்தான் சொன்னேன். முதல் இரண்டும் எங்கள் பீர். மூன்றாவது வேறு, அவன் காய்ச்சியது, லேசாகச் சோப்பு வாடைகூட அடிக்கிறது என்றேன்.

கண்பட்டையை அவிழ்த்தான். மேஜையில் மூன்று பச்சைப் பாட்டில்கள். மூன்றிலும் ஒரே தேதி, ஒரே எண்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள், அதுதான் எனக்கு வலித்தது. அன்றிலிருந்து வீட்டில் அது ஒரு பேச்சாகிவிட்டது. குழம்பு ஊற்றினால், “அதேவா, வேறயா?” என்பாள். பால் கொடுத்தால் என் மகள் கேட்பாள். சரி, வீட்டோடு போகட்டும் என்றால், மைத்துனன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டான். லென்ஸ் மாற்றும்போது சொல்ல அவனுக்கும் ஏதாவது வேண்டுமே. எங்கள் மேனேஜருக்குக் கிட்டப்பார்வை. அவரும் அங்கேதான் கண்ணாடி வாங்குகிறார்.

மூன்று மாதம் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, புதுக் கண்ணாடி வழியாக அன்பாகப் பார்த்தார். வயசானால் நாக்கு மழுங்குவது சகஜம், அடுத்த வாரத்திலிருந்து பாட்டில் கழுவும் பிரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நானும் சரி என்றேன். எனக்குக் கோபமே வரவில்லை.

நீங்கள் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். வியாழக்கிழமை அலாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். கூடத்துச் சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருக்கிறது என்று மனைவி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அதில் போட்டேன். வெள்ளிக்கிழமை விசிறியை நிறுத்தினேன். சனிக்கிழமை மதியம் மைத்துனன் டிரம்மைத் திறந்து பார்க்க இறங்கினான். வழக்கம்போல என்னைப் படி வாசலில் நிற்கச் சொன்னான். இதில் மட்டும் அவன் என் பேச்சைத் தட்டியதே இல்லை.

பாதிப் படியில் நின்று கேட்டான்.

“அத்தான், ஃபேன் ஓடுதா?”

“ஓடுது.”

“சத்தமே கேக்கலையே.”

“தினம் கேட்டுக் கேட்டு உனக்குப் பழகிப்போச்சு.”

இறங்கினான். ஒரு டிரம் மூடி உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு முறை அத்தான் என்றான். சத்தமாக இல்லை.

வெளியே நிற்பவன் எந்தக் காரணத்துக்கும் உள்ளே ஓடக் கூடாது, ஓடினால் இரண்டு உயிர் போகும் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்வார்கள். நான் ஓடவில்லை. உதவிக்கு ஆளைக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்வார்கள். அது வகுப்புக் கையேட்டில் அடுத்த பக்கத்தில் வரும். இருபது நிமிடம் நின்றேன். கூடத்துக்கு வந்து பார்த்தபோது கடிகாரம் மிகச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. தம்பி எங்கே என்று மனைவி கேட்டாள். கீழே ருசி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டிலைத் திறந்தேன். நன்றாகக் குளிர்ந்திருந்தது.

ஆமாம், நான்தான் கொன்றேன். அதில் எனக்கு மறுப்பு இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் அந்த வாக்குமூலத்தில், ‘ருசியில் தோற்ற ஆத்திரத்தில்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதை அடித்துவிடுங்கள். நான் தோற்கவில்லை. அந்த மூன்று பாட்டில்களையும் பரணில் பத்திரமாக வைத்திருந்தேன், உங்கள் ஆட்கள் எடுத்துப்போயிருக்கிறார்கள். மூன்றாவதன் அடியில் ஒரு சொட்டாவது ஒட்டியிருக்கும். சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அது வேறுதான்.

பாட்டிலில் இருக்கும் தேதியை வைத்து எங்கள் ரெஜிஸ்டரைப் புரட்டினீர்களாம். அந்தப் பக்கத்தில் ‘அதே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பதும் நான்தான், உண்மை. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம்.